ஊசி இலவசம்தான்... அந்தப் புதன்கிழமைக்குத்தான் விலை அதிகம்!

வல்லக்கோட்டை என்றதும் உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஏழடி உயர முருகனாகத்தான் இருக்கும். கிருத்திகை அன்று ஒரகடம் பக்கம் பைக்கில் போனவர்களுக்கு அங்கே கூடும் கூட்டம் தெரியும். அதே ஊரைச் சுற்றி தினமும் கூடும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. காலை, மதியம், நைட் என மூன்று ஷிஃப்ட்டுக்கும் கம்பெனி பஸ் ஏறி இறங்கும் கூட்டம். ஒரு பக்கம் ஶ்ரீபெரும்புதூர், இன்னொரு பக்கம் ஒரகடம், நடுவில் வல்லம் வடகால் சிப்காட். கார், டயர், புல்லட், செல்போன் என எல்லாம் இங்கே தயாராகிறது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் போன்கூட இந்தப் பக்கத்தில் அசெம்பிள் ஆனதாக இருக்கலாம்.

அந்த வேலையைச் செய்யும் பெண்களில் கைக்குழந்தைக்காரிகளும் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் எல்லாம் சரியான தேதியில் போட்டாச்சா? போடவில்லை என்றால், ஏன்?

'அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவது ரொம்ப ஈஸி. வாட்ஸ்அப் வதந்தி மேல் பழிபோடுவது அதைவிட ஈஸி. வதந்தியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது சுற்றிய ஃபார்வேர்டுகள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஆனால், 'போடணும்'னு தெரிந்தும் போக முடியாத அம்மாக்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர்களுடைய கதையைப் புரிந்துகொள்ள, முதலில் தமிழ்நாட்டின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

80-லிருந்து 69-க்கு... தமிழ்நாடு சறுக்கியது ஏன்?

தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒரு கணக்கெடுப்பை மத்திய அரசு சில வருடங்களுக்கு ஒருமுறை எடுக்கிறது. ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அடிப்படைத் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டிருக்கின்றன என்று அதில் பார்ப்பார்கள். 2005-06-ல் தமிழ்நாட்டில் இது 80.9 சதவிகிதம். இந்தியாவின் சராசரி அப்போது 43.5 தான். நாம் எங்கேயோ முன்னால் இருந்தோம்.

பத்து வருடம் கழித்து, 2015-16-ல் எடுத்த கணக்கில் நாம் 69.7-க்கு இறங்கிவிட்டோம். நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் தமிழ்நாடு இறங்கியது. அந்தப் பத்து வருடத்தில் நம் அம்மாக்களின் படிப்பு குறைந்துவிட்டதா? இல்லை, கூடித்தான் இருந்தது. அப்படியென்றால் என்ன நடந்தது?

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மாநிலமே அதிர்ந்தது. அதுவரை நர்ஸம்மா கிராமத்துக்கே வந்து, பால்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ ஊசி போடுவார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று அரசு மாற்றியது. ஏதாவது ஆனால் உடனே பார்க்க டாக்டர் இருக்கட்டுமே என்ற எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

ஆனால், இதனால் ஒரு விஷயம் சத்தமில்லாமல் கைமாறியது. ஊசிக்கும் குழந்தைக்கும் நடுவே இருந்த தூரத்தை அதுவரை நர்ஸம்மா கடந்துவந்தார். இனி அதை அம்மா கடக்க வேண்டும். தெருமுனையில் அரை மணி நேரத்தில் முடிந்த வேலைக்கு பஸ் பிடித்து, வரிசையில் நின்று, அரை நாள் செலவழிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் என்பது கிடையாது, முழு நாள் கூலியும் போச்சு. சதவிகிதம் சரிந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதை ஒதுக்கிவிட்டு அந்தச் சரிவைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

பிறகு தடுப்பூசி மறுபடியும் ஊருக்குள் வந்தது. 2014 டிசம்பரில் 'இந்திரதனுஷ்' திட்டம் தொடங்கி, விடுபட்ட குழந்தைகளைத் தேடிப்போய் போட ஆரம்பித்தார்கள். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 89.2 சதவிகிதத்தைத் தொட்டது. நல்ல செய்திதான். பத்தில் ஒன்பது குழந்தைகள் வந்துவிட்டார்கள். அந்தப் பத்தாவது குழந்தை எங்கே இருக்கிறது?

கிராமம் முந்தியது, நகரம் பின்தங்கியது

இதற்கு அதே கணக்கெடுப்பில் ஒரு க்ளூ இருக்கிறது. 2019-21-ல் இந்தியா முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் கிராமத்துக் குழந்தைகளில் 76.8 சதவிகிதம் பேருக்கு முழுத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. நகரத்தில் 75.5. ஆஸ்பத்திரிகள் நிறைந்த நகரம் கிராமத்தைவிட ஒரு படி கீழே!

இதைப் புரிந்துகொள்ள வல்லக்கோட்டை, ஒரகடம் மாதிரியான இடங்களைப் பார்த்தால் போதும். பெயரளவில் கிராமம். ஆனால், வாழ்க்கை நகரத்து வாழ்க்கை. சமவெளிப் பகுதியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. சிப்காட் வந்த ஊரில் மக்கள்தொகை அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுமா? ஒரு மாதத்தில் புதிதாக ஒரு லைன் வீடு முளைக்கிறது. ஆறு ரூம், ஆறு குடும்பம். அடுத்த மாதம் அதில் மூன்று குடும்பம் மாறிவிடுகிறது. விழுப்புரம், திருவண்ணாமலை, தர்மபுரியிலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள், செங்கல் சூளை சீசனுக்கு மட்டும் வந்து போகும் குடும்பங்கள். நர்ஸம்மாவின் ரெஜிஸ்டரில் இவர்கள் பெயர் ஏறுவதற்குள் வீடு மாறிவிடுகிறது.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு ஒரு பிரமாண்ட விடுதியை 2024 ஆகஸ்டில் தமிழக அரசு திறந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஊரைவிட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு அந்தப் பெண் போய்ச் சேரும் இடம் லைன் வீடுதான். அங்கே வார்டனும் கிடையாது, உடன் பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது.

தடுப்பூசி காலண்டரும் ஷிஃப்ட் காலண்டரும்

இப்போது ஒரு சின்ன கணக்கு போடலாம். தமிழ்நாட்டில் 99 சதவிகிதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதனால் பிறந்ததும் போடும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ்-பி ஆகியவற்றில் பெரிய பிரச்னை இல்லை. அதற்கப்புறம் 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் உள்ளிட்டவை. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா முதல் டோஸ். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் டோஸும் பூஸ்டர்களும். ஆக, வீட்டுக்கு வந்தபின் இரண்டு வயதுக்குள் குறைந்தது ஐந்து முறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சட்டப்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. பிரசவத்துக்கு முன்பே 8 வாரம் எடுத்துவிட்டால், பிறகு மிச்சம் 18 வாரம். 14-வது வார ஊசி வரை எப்படியோ லீவுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ஒன்பதாவது மாதம்? அதற்குள் அம்மா மறுபடி லைனில் நின்றுகொண்டிருப்பார். தட்டம்மை ஊசியின் இரண்டு டோஸுமே அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகுதான் வருகின்றன.

தமிழக அரசு ஊழியராக இருந்தால் 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் லீவு. அந்த அம்மாவுக்கு ஒன்பதாம் மாத ஊசி லீவுக்குள்ளேயே முடிந்துவிடலாம். ஒரே ஊர், ஒரே ஊசி. வேலை எது என்பதைப் பொறுத்து அதற்குப் போவது சுலபமாகவோ கஷ்டமாகவோ ஆகிறது.

கான்ட்ராக்ட்டில் இருக்கும் பெண்ணுக்கு? முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் சட்டம் அவருக்கும் பொருந்தும். ஆனால், பிரசவம் முடிந்து வரும்போது அந்த கான்ட்ராக்ட் அவருக்காகக் காத்திருக்க வேண்டுமே? புதிய இடத்தில் புதிதாகச் சேர்ந்தவர், 'நாளைக்கு ஊசி, லீவு வேணும்' என்று சூப்பர்வைசரிடம் கேட்க எவ்வளவு தயங்குவார் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ்நாட்டில் அரசு தடுப்பூசி நாள் புதன்கிழமை. கம்பெனிக்கு வார விடுமுறையோ பெரும்பாலும் ஞாயிறு. 'தினமும் போட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். பி.சி.ஜி., தட்டம்மை - ரூபெல்லா மருந்துகள் பல குழந்தைகளுக்குச் சேர்த்து ஒரே குப்பியில் வரும். கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டும். அதனால்தான் எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொல்கிறார்கள். மருந்தை வீணாக்காமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால், அந்த ஒரு நாளைக் கோட்டைவிட்டால் அடுத்த வாரம்தான்.

ஒரு பேச்சுக்கு, ஒரு நாள் சம்பளம் 500 ரூபாய் என்று வையுங்கள். ஒரு நாள் லீவு போட்டால் பல கம்பெனிகளில் அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். அது ஒரு 1,000 ரூபாய். ஷேர் ஆட்டோவுக்கு 100. ஆக, 'இலவச' ஊசிக்கு 1,600 ரூபாய். இதோடு முடிந்ததா? பென்டாவேலன்ட் போட்டால் பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் அடிக்கும். பயப்பட வேண்டியதில்லை, ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால், அனத்தும் குழந்தையை விட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போக முடியுமா? ரெண்டாவது நாளும் லீவு. தனியார் கிளினிக்கில் காய்ச்சல் குறைவாக வரும் 'பெயின்லெஸ்' ஊசி உண்டு, ஆயிரக்கணக்கில் செலவாகும். காசு இருக்கும் அம்மா அந்த இரண்டு நாளை விலைகொடுத்து வாங்கிவிடுகிறார். இல்லாத அம்மா, 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்கிறார். அந்த அடுத்த வாரம்தான் பல வீடுகளில் வராமலே போகிறது.

தாய் வீட்டில் ஒரு அட்டை, லைன் வீட்டில் ஒரு குழந்தை

நம் ஊரில் முதல் பிரசவம் என்றால் அம்மா வீட்டில்தான். கர்ப்பப் பதிவு, பிரசவம், முதல் மூன்று மாத ஊசிகள் எல்லாம் அந்த ஊர் கணக்கில் போய்விடும். ஐந்தாம் மாதம் குழந்தையோடு ஒரகடம் திரும்பும்போது தடுப்பூசி அட்டை அங்கேயே பீரோவில் தங்கிவிடுவது உண்டு. அந்த ஊர் நர்ஸம்மா, 'புருஷன் ஊருக்குப் போயிட்டா' என்று எழுதிக்கொள்கிறார். இந்த ஊர் நர்ஸம்மாவுக்கு அப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். குழந்தை மட்டும் நடுவில் விழுந்துவிட்டது.

'மெசேஜ் வருமே' என்பீர்கள். வரும். யாருடைய போனுக்கு? 2019-21 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் 54 சதவிகிதம்தான். பதிவு செய்யும்போது கணவர் நம்பரைக் கொடுத்திருந்தால், 'உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி நாள்' என்ற எஸ்.எம்.எஸ். அவர் நைட் ஷிஃப்ட்டில் இருக்கும்போது ரீசார்ஜ் ஆஃபர்களுக்கு நடுவே புதைந்துபோகும். ஒடிசாவிலிருந்து வந்த அம்மாவுக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அட்டை தமிழில், நர்ஸம்மா பேசுவதும் தமிழில். 'நாலு வாரம் கழிச்சு வாங்க' என்பது அவருக்கு எந்தத் தேதி?

படிப்பு என்ன செய்கிறது?

அம்மா அதிகம் படித்திருந்தால் குழந்தைக்கு முழுத் தடுப்பூசி கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டு வசதி கூடினாலும் அப்படித்தான். மூன்றாவது, நான்காவது குழந்தை என்றால் வாய்ப்பு குறைகிறது. இந்தக் கணக்கெடுப்புகளில் இது திரும்பத் திரும்பத் தெரிகிறது.

ஆனால், படிப்பு இதை எப்படிச் செய்கிறது? பத்தாம் வகுப்பு அறிவியலில் வைரஸ் பாடம் படித்ததாலா? ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர் (திராவிட மொழிகளின் கால்டுவெல் இல்லை, இவர் வேற) நைஜீரியாவை வைத்து 1979-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். குடும்ப வருமானத்தைத் தாண்டி, அம்மாவின் படிப்பே குழந்தை பிழைப்பதைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். படித்த பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு கூடுகிறது, குழந்தை விஷயத்தில் அவரே முடிவெடுக்கிறார், வெளியுலகத்தோடு தயங்காமல் பேசுகிறார் என்பது அவர் தந்த விளக்கம்.

நம் ஊர் பாஷையில் சொன்னால், மாமியார் 'குழந்தைக்குச் சளி புடிச்சிருக்கு, ஊசியெல்லாம் வேணாம்' என்னும்போது, 'லேசான சளின்னா போடலாம்னு டாக்டரே சொல்லியிருக்காங்க அத்தே' என்று சொல்லக்கூடிய தைரியம். அந்தத் தைரியம் கையில் சம்பாத்தியம் இருந்தால் கூடும். அதே சம்பாத்தியத்துக்கான வேலைதான் புதன்கிழமையைப் பறிக்கவும் செய்கிறது. தொழிற்சாலைப் பகுதி அம்மாக்களின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கிலோ பருப்பு சொன்ன உண்மை

இதற்குத் தீர்வு உண்டா? ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில் ஒரு பரிசோதனை நடந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு அது. 2010-ல் முடிவுகள் வெளியாயின. எதுவும் புதிதாகச் செய்யாத கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் வெறும் 6 சதவிகிதம். மாதம் தவறாமல், சொன்ன நாளில் முகாம் நடந்த கிராமங்களில் 18. அதே முகாமோடு, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த இடங்களில் 39!

ஒரு கிலோ பருப்புக்காக யாரும் தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அந்த அம்மாக்களுக்கு ஊசி மேல் கோபம் எதுவும் இல்லை, அன்றைய நாளின் நஷ்டம்தான் தடுத்தது என்பதைத்தான் அந்தப் பருப்பு காட்டியது.

நம்மிடமும் இதற்கு ஒரு வழி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. அதன் பிந்தைய தவணைகள் குழந்தையின் தடுப்பூசியோடு இணைக்கப்பட்டவை.

எல்லோருக்கும் ஏன் இது முக்கியம்?

'அவங்க குழந்தை, அவங்க பாடு' என்று விட முடியாது. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பு சக்தி இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குப் பரப்ப முடியும். அதைத் தடுக்க சுமார் 95 சதவிகிதம் பேருக்காவது தடுப்பு சக்தி வேண்டும். 2022-ன் கடைசியில் மும்பையின் கோவண்டி பகுதியில் தட்டம்மை பரவி குழந்தைகள் இறந்தார்கள். நெருக்கமான வீடுகள், உழைக்கும் குடும்பங்கள், கொரோனா காலத்தில் விட்டுப்போன ஊசிகள். ஒரு சுவர் தள்ளி ஒரு குடும்பம் என்று வாழும் லைன் வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* அப்பாக்களே... குழந்தையை அம்மாதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒன்பதாம் மாத ஊசிக்கு நீங்கள் லீவு போடுங்கள்.

* ஊர் மாறினீர்களா? அந்த வாரமே பக்கத்து சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள். வேறு மாவட்டம், வேறு மாநிலம் என்றாலும் அரசு மையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். 'யு-வின்' தளத்தில் பதிவு இருந்தால் நாட்டின் எந்த மையத்திலும் தொடரலாம். பதிவில் அம்மாவின் நம்பரைக் கொடுங்கள்.

* அட்டையை போட்டோ எடுத்து அம்மா, அப்பா, பாட்டி மூவர் போனிலும் வையுங்கள். அட்டை தொலைந்துபோனாலும் போங்கள், ஊசியை நிறுத்த அது காரணமில்லை.

* தேதி தவறிவிட்டதா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டம்மை - ரூபெல்லா ஊசியை ஐந்து வயது வரை போடலாம். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் போடுங்கள்.

* நீங்கள் டீம் லீடரா, ஹெச்.ஆரா? ஒரு அம்மாவுக்கு ஐந்து நாள், இரண்டு வருடத்தில். அந்த ஐந்து நாளுக்கு அட்டெண்டன்ஸ் போனஸைப் பிடிக்காமல் இருக்க முடியுமா என்று உங்கள் மீட்டிங்கில் ஒருமுறை கேளுங்கள். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

* லைன் வீட்டு ஓனரா? புதிதாகக் கைக்குழந்தையோடு குடிவந்தால் நர்ஸம்மாவுக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது, 'இந்தக் காலத்துலயும் தடுப்பூசி போடாம இருக்காங்க பாரு' என்று ஒரு அம்மாவைக் குறை சொன்னால், 'அவங்களுக்கு புதன்கிழமை லீவு கிடைக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் 'இல்லை' என்றால், மாற வேண்டியது அந்த அம்மா மட்டும் இல்லை.